ஜிஃப் படத்திலிருந்து ஸ்பிரைட் ஷீட்: ஃபிரேம் பிரிப்பதிலிருந்து சிஎஸ்எஸ்ஸில் ஓடவிடுவது வரை

ஜிஃப் படத்தை வலைப்பக்கத்தில் போட்டால் அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் நிறுத்தவோ, வேகத்தைக் கூட்டிக் குறைக்கவோ, மவுஸ் மேலே வரும்போது முதல் ஃபிரேமிலிருந்து தொடங்கவைக்கவோ நேரடியான வழி இல்லை. ஒரு ஃபிரேமின் வண்ணப்பட்டியலில் 256 நிறங்களுக்குத்தான் இடம். பிக்சல் ஒன்று முழுதாகத் தெரியும் அல்லது முழுதாக மறையும். அரைகுறையாக ஊடுருவித் தெரிய வழி கிடையாது. இந்தக் கட்டுகளிலிருந்து வெளியே வர எளிய வழி ஸ்பிரைட் ஷீட். எல்லா ஃபிரேம்களையும் ஒரே படத்தில் அடுத்தடுத்து ஒட்டி, ஒரு ஃபிரேம் அளவுள்ள பெட்டிக்குப் பின்னால் அந்தப் படத்தைத் தாவித் தாவி நகர்த்துவதுதான் இதன் முறை. ஓட்டம் முழுக்க, வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் கையில் வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. ஐகான், பொத்தானின் அசைவு, கேம் பாத்திரம், லோடிங் படம், 10 முதல் 40 ஃபிரேம் வரையிலான சிறு சுழற்சி ஆகியவற்றுக்கு ஸ்பிரைட் ஷீட் மிகப் பொருத்தம். பத்து நொடி ஓடும் காட்சிக்கு எம்பி4 அல்லது வெப்எம் வீடியோ போடுங்கள். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சேமிப்பதால்தான் வீடியோ சிறிதாக இருக்கிறது. ஸ்பிரைட் ஷீட்டில் அந்த லாபம் கிடையாது. ஒவ்வொரு ஃபிரேமும் முழுப்படமாகவே உட்கார்ந்திருக்கும்.

இந்த வேலையில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை கணக்குத் தவறுகள். ஃபிரேம்கள் எத்தனை, ஒவ்வொன்றின் அகல உயரம் என்ன, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்ற மூன்றையும் ஒட்டுவதற்கு முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சிஎஸ்எஸ் எழுத ஐந்து நிமிடம் போதும்.

கையில் எடுக்கும் உதாரணம்

புகைப்படக் கலைஞர் ஈட்வர்ட் மைப்ரிட்ஜ் 1878 ஜூன் 19 அன்று கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ பந்தயப் பாதையில் எடுத்த குதிரை ஓட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஓடியது லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் சாலி கார்ட்னர் என்ற பெண்குதிரை. பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்ட படங்கள், பயிற்சிக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அன்று வெளியான அட்டையில் 12 படங்கள், வரிசைக்கு 4 வீதம் 3 வரிசைகளில் இருக்கின்றன. பார்க்கப்போனால் அந்த அட்டையே ஒரு ஸ்பிரைட் ஷீட்தான். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 27 அங்குலத் தொலைவு, ஏறத்தாழ நொடியில் 25-இல் ஒரு பங்கு நேரம் என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். 12-ஆவது படத்தில் குதிரை நின்றுகொண்டிருக்கிறது. ஆகவே ஓட்டத்துக்கு உதவுபவை 11 மட்டுமே.

நமக்குத் தேவையான எண்கள் வந்துவிட்டன. 11 ஃபிரேம், ஒவ்வொன்றும் 40 மில்லிநொடி, மொத்தம் 440 மில்லிநொடி. ஃபிரேம் அளவை 320 × 192 என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்களைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு, கீழே வருகிறது.

ஸ்கேன் செய்த பழைய படங்களிலிருந்து நீங்களே ஃபிரேம் வெட்டுவதானால், குதிரையின் உடலை வைத்து ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்தாதீர்கள். பின்னணியில் இருக்கும் கிடைக்கோடுகளை வைத்துப் பொருத்துங்கள். குதிரையை ஒரே உயரத்தில் நிறுத்திவிட்டால் ஓட்டத்தில் உடல் ஏறி இறங்குவது காணாமல் போய், நிலம் குலுங்க ஆரம்பிக்கும். எந்தப் படத்துக்கும் இதே விதிதான்: அசையாத ஒன்றை அடையாளமாக வைத்துத்தான் ஃபிரேம்களைப் பொருத்த வேண்டும்.

ஜிஃபுக்குள் ஃபிரேம்கள் எப்படி இருக்கின்றன

ஜிஃப் கோப்பைத் திறந்தால் முழு முழு ஃபிரேமாக வரிசையில் இருக்கும் என்று நினைத்துத்தான் பலரும் தொடங்குகிறார்கள். அப்படி இருப்பது அரிது. கோப்பின் அளவைக் குறைக்க, முதல் ஃபிரேமை முழுதாக வைத்துவிட்டு, அடுத்தடுத்த ஃபிரேம்களில் மாறிய பகுதியை மட்டும் ஒரு சிறு செவ்வகமாகச் சேமித்திருப்பார்கள். குதிரை ஜிஃபின் இரண்டாவது ஃபிரேம் 184 × 121 அளவில், இடமிருந்து 70, மேலிருந்து 40 பிக்சல் தள்ளி இருக்கலாம். அதை அப்படியே எடுத்து ஒட்டினால் கால் மட்டும் தனியாக ஒரு மூலையில் கிடக்கும்.

இதோடு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு அகற்றும் முறை உண்டு. அடுத்த ஃபிரேம் வரும்போது இப்போதிருப்பதை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் வரையலாம். பின்னணிக்குத் துடைத்துவிட்டு வரையலாம். இதற்கு முந்தைய நிலைக்குத் திரும்பிவிட்டு வரையலாம். இந்த முறையை மதிக்காத கருவியில் பிரித்தால் பழைய ஃபிரேமின் நிழல் புதியதன்மேல் படிந்து கிடக்கும். பாத்திரத்துக்குப் பின்னால் பேய்போல வால் தெரிந்தால் காரணம் இதுதான்.

ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு ஃபிரேமையும் திரையில் தெரியும் முழுப்படமாக விரிப்பது. கட்டளை வரியில் படங்களை மாற்றும் கருவியான இமேஜ்மேஜிக்கில் இதற்குக் கோயலெஸ் என்று ஒரு தேர்வு. படம் திருத்தும் மென்பொருளான கிம்பில் ஃபில்டர்ஸ் மெனுவில் அனிமேஷன், அதற்குள் அன்ஆப்டிமைஸ். பிக்சல் ஆர்ட் வரையும் மென்பொருளான ஏஸ்பிரைட் ஜிஃபைத் திறக்கும்போதே விரித்துத்தான் திறக்கும்.

விரிந்ததா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இமேஜ்மேஜிக்கின் ஐடென்டிஃபை கட்டளை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு வரி தரும். அதில் இரண்டு அளவுகள் வரும். முதலாவது ஃபிரேமின் சொந்த அளவு, இரண்டாவது முழுப்பரப்பின் அளவும் தள்ளியிருக்கும் தூரமும். எல்லா வரியிலும் இரண்டும் 320 × 192 என்று ஒத்துப்போய், தள்ளல் பூஜ்யம் என்று இருந்தால் விரிந்துவிட்டது.

அடுத்தது நேரம். ஜிஃப் நேரத்தை நொடியில் நூறில் ஒரு பங்காகக் கணக்கிடும். 4 என்று இருந்தால் 40 மில்லிநொடி. 10 என்றால் 100 மில்லிநொடி. இதில் ஒரு கண்ணி இருக்கிறது: 0 அல்லது 1 என்று எழுதப்பட்ட ஜிஃபை உலாவிகள் அந்த வேகத்தில் ஓட்டுவதில்லை, 100 மில்லிநொடியாக மாற்றிக்கொள்கின்றன. கோப்பில் பூஜ்யம் என்று பார்த்து ஸ்பிரைட்டை மிக வேகமாக ஓட்டிவிட்டு, ஜிஃபில் நிதானமாக ஓடியதே என்று குழம்ப வேண்டாம். பூஜ்யமோ ஒன்றோ இருந்தால் 100 என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிம்பில் திறந்தால் லேயரின் பெயரிலேயே ஃபிரேம் நேரம் மில்லிநொடியில் தெரியும், பார்த்து எழுதிக்கொள்ள அது வசதி. அங்கே அடியில் இருக்கும் லேயர்தான் முதல் ஃபிரேம்.

ஒட்டும் வேலை

வரிசை முக்கியம்: விரி, பிறகு அளவை மாற்று, பிறகு ஒட்டு.

விரிக்கும் முன் அளவை மாற்றினால் சிறு செவ்வகங்களின் தள்ளல் கணக்கு பிசகும். ஒட்டிய பிறகு மாற்றினால் வேறு சிக்கல். படத்தைச் சுருக்கும்போது ஒவ்வொரு புது பிக்சலும் பக்கத்துப் பிக்சல்களின் கலவையாக உருவாகிறது. ஃபிரேமின் ஓரத்தில் அந்தப் பக்கத்துப் பிக்சல் அடுத்த ஃபிரேமுடையது. 3-ஆவது ஃபிரேமின் வலது ஓரத்தில் 4-ஆவதன் நிறம் மெல்லிய கோடாகக் கசியும். வெள்ளைப் பின்னணியில் தெரியாது. பக்கத்தின் நிறத்தை ஒருநாள் கருமையாக மாற்றும்போது எல்லா ஓரமும் மினுங்கும்.

பிக்சல் ஆர்ட் என்றால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு மடங்காகவே பெரிதாக்குங்கள். முடிந்தால் பெரிதாக்காமலே விட்டு, சிஎஸ்எஸ்ஸில் இமேஜ்-ரெண்டரிங் பண்புக்குப் பிக்சலேட்டட் என்ற மதிப்பைக் கொடுங்கள். கோப்பும் சிறிதாக இருக்கும், விளிம்பும் கூராக இருக்கும்.

கட்டளை வரியில் செய்பவர்களுக்கு இமேஜ்மேஜிக்தான் குறுக்குவழி. மேஜிக் என்ற கட்டளை, ஜிஃபின் பெயர், கோயலெஸ், அளவு மாற்ற வேண்டுமானால் ரீசைஸ், பிறகு அப்பெண்ட், கடைசியாகப் பிஎன்ஜி கோப்பின் பெயர். அவ்வளவே. அப்பெண்டுக்கு முன்னால் கூட்டல் குறி போட்டால் ஃபிரேம்கள் பக்கவாட்டில் அடுக்கும். கழித்தல் குறி போட்டால் மேலிருந்து கீழாக அடுக்கும். கோயலெஸுக்கு எப்போதும் கழித்தல் குறிதான். விண்டோஸில் பழைய பதிப்பின் கன்வெர்ட் கட்டளையை அடித்தால் விண்டோஸின் சொந்த வட்டு மாற்றும் நிரல் எழுந்து வரும். 7-ஆம் பதிப்பை நிறுவி மேஜிக் என்றே அடியுங்கள்.

பல வரிசையாக அடுக்க இமேஜ்மேஜிக்கிலேயே மான்டேஜ் என்ற கட்டளை இருக்கிறது. அதைப் பயன்படுத்தி, படம் சின்னதாகிவிட்டது, நடுவில் வெள்ளை இடைவெளி வந்துவிட்டது என்று திணறுபவர்கள் நிறைய. மான்டேஜ் சிறுபடத் தொகுப்பு செய்வதற்காக எழுதப்பட்டது. ஜியாமெட்ரி மதிப்பு கொடுக்காவிட்டால் ஒவ்வொரு படத்தையும் 120 × 120-க்குள் சுருக்கி, பக்கத்துக்கு 4, மேலே கீழே 3 பிக்சல் இடைவெளி வைத்து, வெள்ளைப் பின்னணி போட்டுவிடும். ஜியாமெட்ரிக்கு இடைவெளி மட்டும் கூட்டல் 0 கூட்டல் 0 என்றும், பேக்ரவுண்டுக்கு நன் என்றும், டைலுக்கு வேண்டிய நெடுவரிசை எண்ணிக்கையையும் கொடுங்கள். மூன்றும் அவசியம்.

ஜன்னலில் சொடுக்கிச் செய்ய விரும்பினால் ஏஸ்பிரைட். ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட், அதற்குள் எக்ஸ்போர்ட் ஸ்பிரைட் ஷீட்; ஷீட் வகையில் ஹாரிசான்டல் ஸ்ட்ரிப். ஓரத்து வெற்றிடத்தை வெட்டும் ட்ரிம் என்று தொடங்கும் தேர்வுகள், ஒரே மாதிரி ஃபிரேம்களை ஒன்றாக்கும் மெர்ஜ் டூப்ளிகேட்ஸ், வெற்று ஃபிரேம்களை விட்டுவிடும் இக்னோர் எம்ப்டி எல்லாம் அணைந்திருக்கட்டும். கேம் இன்ஜினுக்கு அவை நல்லவை. ஒவ்வொரு ஃபிரேமும் எங்கே இருக்கிறது என்று கூடவே வரும் ஜேசன் கோப்பைப் பார்த்து இன்ஜின் சரிசெய்துகொள்ளும். சிஎஸ்எஸ் அந்தக் கோப்பைப் படிக்காது. ட்ரிம் ஆன ஷீட்டைச் சம அடியில் நகர்த்தினால் பாத்திரம் இடமும் வலமுமாகத் துள்ளும். ஆனாலும் ஜேசனை ஒருமுறை எடுத்து வையுங்கள், ஒவ்வொரு ஃபிரேமின் நேரமும் அதில் மில்லிநொடியில் இருக்கும். ஏஸ்பிரைட் விலைக்கு விற்கும் மென்பொருள். இலவசமாக வேண்டுவோருக்கு அதிலிருந்து கிளைத்த லிப்ரேஸ்பிரைட்டும், உலாவியிலேயே ஓடும் பிஸ்கலும் இருக்கின்றன.

தனித்தனிப் பிஎன்ஜி கோப்புகளிலிருந்து ஒட்டுவதானால் பெயரில் எண்ணை 01, 02 என்று இரண்டு இலக்கமாக எழுதுங்கள். இல்லாவிட்டால் எழுத்து வரிசையில் 10-உம் 11-உம் 2-க்கு முன்னால் போய் நிற்கும்.

ஒட்டி முடித்ததும் ஒரே ஒரு சோதனை. படத்தின் அகலத்தை ஃபிரேம் எண்ணிக்கையால் வகுங்கள். 3520 வகுத்தல் 11, விடை 320, மீதி இல்லை. மீதி வந்தால் சிஎஸ்எஸ் பக்கம் போகவே வேண்டாம்.

அளவு ஏன் 320 × 192

திரைகளில் 1.25, 1.5, 1.75 மடங்கு பெரிதாக்கம் சாதாரணம், விண்டோஸ் மடிக்கணினிகளில் இன்னும் அதிகம். ஃபிரேம் அகலம் 4-ஆல் வகுபடும் எண்ணாக இருந்தால் இந்த மடங்குகள் எதிலும் முழு எண்ணே வரும். 4-இன் 1.25 மடங்கு 5, 1.75 மடங்கு 7. அகலம் 150 என்று வைத்தால் 1.25 மடங்கில் 187.5 வரும், உலாவி அரைப் பிக்சலை எங்காவது தள்ள வேண்டும், பக்கத்து ஃபிரேமின் ஓரம் எட்டிப்பார்க்கும்.

இழப்புள்ள வடிவத்தில் சேமிக்கப்போனால் 16-இன் மடங்காக வையுங்கள். ஜேபெக் படத்தை 8 × 8 கட்டங்களாகவும், நிறத்தைப் பாதியாகக் குறைக்கும்போது 16 × 16 கட்டங்களாகவும் பிரித்துச் சுருக்குகிறது. ஃபிரேமின் எல்லை ஒரு கட்டத்தின் நடுவில் விழுந்தால் இரண்டு ஃபிரேம்களும் ஒன்றின் நிறத்தை மற்றொன்றில் அப்பிக்கொள்ளும். 320-உம் 192-உம் 16-இன் மடங்குகள். இரண்டு தேவையும் நிறைவேறிவிட்டது.

அளவைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு உரிமையில்லை, வாடிக்கையாளர் தந்ததுதான் என்றால், ஃபிரேம்களைச் சுற்றி ஒன்றிரண்டு பிக்சல் ஊடுருவும் ஓரம் விட்டு ஒட்டுங்கள். ஓரத்தையும் சேர்த்துத்தான் ஃபிரேம் அளவு என்று கணக்கில் எடுக்க வேண்டும், அது மட்டும் நினைவிருக்கட்டும்.

சிஎஸ்எஸ்

பெட்டிக்கு அகலம் 320, உயரம் 192 பிக்சல். பின்னணிப் படமாக ஷீட், பேக்ரவுண்ட்-ரிப்பீட்டுக்கு நோ-ரிப்பீட். அசைவு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று சொல்லும் கீஃபிரேம்ஸ் விதியில் இரண்டே வரி: ஃப்ரம் என்பதில் பேக்ரவுண்ட்-பொசிஷன் 0 0; டு என்பதில் கழித்தல் 3520 பிக்சல், 0. அனிமேஷன் பண்பில் அந்த விதியின் பெயர், 440 மில்லிநொடி, தாவித் தாவி நகரவைக்கும் ஸ்டெப்ஸ் அடைப்புக்குள் 11, முடிவில்லாமல் ஓட இன்ஃபினிட்.

கடைசி ஃபிரேம் இருப்பது 3200-இல். பிறகு ஏன் 3520 வரை? ஸ்டெப்ஸின் இயல்பான நடத்தையில் தாவல் ஒவ்வொரு இடைவெளியின் முடிவில் நடக்கிறது. 11 என்று சொன்னால் 0 முதல் 3520 வரையிலான தூரம் 11 சம அடிகளாகப் பிரிந்து, ஒவ்வோர் அடியின் தொடக்க இடத்திலும் படம் 40 மில்லிநொடி நிற்கும். நிற்கும் இடங்கள் 0, 320, 640 என்று போய் 3200-இல் முடியும். 3520-க்கு வந்து சேரும் அதே கணத்தில் சுற்று முடிந்து மீண்டும் 0 தொடங்கிவிடுவதால் அந்த வெற்றிடம் கண்ணில் படாது.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. டு மதிப்பை 3200 என்று எழுதி ஸ்டெப்ஸை 11 என்றே விட்டால் ஒவ்வொரு தாவலும் 290.9 பிக்சல் ஆகும். குதிரை ஃபிரேமுக்கு ஃபிரேம் 29 பிக்சல் வலதுபக்கம் நழுவிக்கொண்டே போகும். 3200 என்று எழுதி ஸ்டெப்ஸை 10 ஆக்கினால் நழுவல் இருக்காது. ஆனால் கடைசி ஃபிரேம் திரைக்கே வராமல் சுற்று முடியும். ஓட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் லேசாக இடறுவது போல் இருந்தால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

ஸ்டெப்ஸ் எழுதவே மறந்துவிட்டால் இயல்பான ஈஸ் வேகம் எடுத்துக்கொள்ளும். பதினொரு குதிரைகளும் ரயில் பெட்டிகள்போல வரிசையாக ஜன்னலைக் கடந்து போகும். ஸ்டெப்ஸ் இருந்தும் விசித்திரமாக ஓடினால் கீஃபிரேமில் நடுவில் 50 விழுக்காடு என்று ஏதாவது எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஸ்டெப்ஸ், ஈஸ் போன்ற டைமிங் ஃபங்ஷன் முழு அனிமேஷனுக்கும் சேர்த்து ஒருமுறை பொருந்துவதில்லை. ஒரு கீஃபிரேமிலிருந்து அடுத்ததுவரை தனித்தனியாகப் பொருந்தும். நடுவில் ஒன்றைச் செருகினால் முதல் பாதிக்கு 11, இரண்டாம் பாதிக்கு 11 என்று 22 தாவல்கள் ஆகிவிடும்.

ஒருமுறை மட்டும் ஓடி, கடைசி ஃபிரேமில் நிற்க வேண்டுமானால் மேலே சொன்ன கணக்கு உதவாது. ஓட்டம் முடிந்த இடத்திலேயே நிற்கவைக்க ஃபில்-மோடுக்கு ஃபார்வர்ட்ஸ் கொடுத்தால் 3520-இல் போய் நிற்கும், அங்கே படமே இல்லை. பெட்டி காலியாகிவிடும். இதற்கு ஜம்ப்-நன் என்ற தேர்வு இருக்கிறது: ஸ்டெப்ஸ் அடைப்புக்குள் 11, காற்புள்ளி, ஜம்ப்-நன், டு மதிப்பு கழித்தல் 3200. இப்போது தொடக்க இடமும் முடிவிடமும் இரண்டுமே நிற்கும் இடங்களாகக் கணக்கில் சேரும். 11 ஃபிரேமும் சம நேரம் தெரியும், முடிவில் கடைசி ஃபிரேம் அப்படியே நிற்கும்.

திரை அகலத்துக்கேற்பச் சுருங்கி விரிய வேண்டிய படத்துக்கும் ஜம்ப்-நன்தான் சரி. பேக்ரவுண்ட்-சைஸை 1100 விழுக்காடு, 100 விழுக்காடு என்று வைத்து, பொசிஷனை 0-விலிருந்து 100 விழுக்காடு வரை நகர்த்துங்கள். பின்னணி இடத்தில் 100 விழுக்காடு என்றால் படத்தின் வலது ஓரமும் பெட்டியின் வலது ஓரமும் ஒன்றாகும் இடம்; அதாவது சரியாகக் கடைசி ஃபிரேம். பிக்சல் கணக்கே தேவையில்லை. பெட்டிக்கு ஆஸ்பெக்ட்-ரேஷியோ 320 / 192 கொடுத்தால் உயரம் தானாக வரும். பெட்டியின் அகலம் பின்னமாக வந்தால் அரைப் பிக்சல் நடுக்கம் தலைகாட்டலாம், ஓரம் விட்டு ஒட்டிய ஷீட் இங்கே கைகொடுக்கும்.

பெட்டிக்குப் பேடிங் (உள் இடைவெளி) வைக்காதீர்கள். பின்னணி பேடிங்குக்கு அடியிலும் வரையப்படுவதால் பக்கத்து ஃபிரேமின் ஒரு துண்டு தெரியும். பார்டர் வேண்டுமானால் வெளியே இன்னொரு பெட்டி போட்டு அதற்குக் கொடுங்கள்.

மவுஸ் மேலே வரும்போது மட்டும் ஓட வேண்டுமா? பின்னணிப் படத்தை ஹோவர் விதிக்குள் எழுதினால் மவுஸ் வந்த பிறகுதான் உலாவி படத்தை இறக்கத் தொடங்கும், முதல் தடவை ஒரு வெற்று மினுக்கு வரும். படத்தையும் அனிமேஷனையும் அடிப்படை விதியிலேயே எழுதி, அனிமேஷன்-பிளே-ஸ்டேட்டைப் பாஸ்டு என்று வைத்து, ஹோவரில் ரன்னிங் என்று மட்டும் மாற்றுங்கள்.

அடர்த்தியான திரை, பல வரிசை ஷீட்

இரட்டை அடர்த்தித் திரைக்கு ஃபிரேம் 640 × 384 ஆக வேண்டும். ஒரே வரிசையில் ஒட்டினால் 7040 பிக்சல் அகலம். பழைய போன்கள் பலவற்றில் கிராஃபிக்ஸ் சிப் ஒரு படமாக ஏற்கும் பக்கம் 4096 பிக்சல்தான். தாண்டினால் உலாவி துண்டாக்கியோ சுருக்கியோ கையாள வேண்டியிருக்கும், மங்கலும் திணறலும் வரும். மேலிருந்து கீழாக அடுக்கினாலும் 4224, கொஞ்சத்தில் தப்பவில்லை. ஆகவே மைப்ரிட்ஜின் அட்டையைப் போலவே 4 நெடுவரிசை, 3 வரிசை: 2560 × 1152.

ஃபிரேம் எண்ணிக்கை கட்டத்தை முழுதாக நிரப்பினால் அழகான ஒரு வழி உண்டு. 20 ஃபிரேம், 5 நெடுவரிசை, 4 வரிசை, மொத்தம் 800 மில்லிநொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேக்ரவுண்ட்-பொசிஷன்-எக்ஸை 200 மில்லிநொடியில் ஸ்டெப்ஸ் 5-ஆகவும், பேக்ரவுண்ட்-பொசிஷன்-ஒய்யை 800 மில்லிநொடியில் ஸ்டெப்ஸ் 4-ஆகவும் இரண்டு தனி அனிமேஷன்களாக ஓட்டினால், ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வரிசைக்கு இறங்கும். முதல் நேரம் இரண்டாவதைச் சரியாக வகுக்க வேண்டும், 0.133 போன்ற பின்னத்தைத் தோராயமாக எழுதினால் சில நிமிடத்தில் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடும்.

நம்முடைய 11 பகா எண். எந்தக் கட்டத்திலும் முழுதாக உட்காராது. 12-ஆவது இடத்தில் 11-ஐயே மறுபடி வைத்தால் சுற்றுக்கு ஒருமுறை குதிரை தயங்கும். எனவே 11 கீஃபிரேம்களையும் கையால் எழுத வேண்டியதுதான். 100-ஐ 11-ஆல் வகுத்தால் 9.09, ஆகவே 0, 9.09, 18.18, 27.27, 36.36, 45.45, 54.55, 63.64, 72.73, 81.82, 90.91 விழுக்காடுகளில் ஒவ்வோர் இடம். பேக்ரவுண்ட்-சைஸ் 1280 × 576. முதல் நான்கும் எக்ஸில் 0, -320, -640, -960, ஒய்யில் 0. அடுத்த நான்கில் அதே எக்ஸ், ஒய் -192. கடைசி மூன்றில் ஒய் -384. டைமிங் ஃபங்ஷன் ஸ்டெப்-எண்ட். இது ஒவ்வோர் இடத்திலும் அடுத்த கீஃபிரேம் வரும்வரை அசையாமல் நிற்கவைக்கும்.

ஃபிரேம்களின் நேரம் சமமாக இல்லாதபோதும்

இதே ஸ்டெப்-எண்ட் முறைதான். கண் சிமிட்டும் பாத்திரம் ஒன்று: கண் திறந்து 2000 மில்லிநொடி, பாதி மூடி 60, முழுதாக மூடி 100, மறுபடி பாதி 60. மொத்தம் 2220. இதைச் சம அடி ஸ்டெப்ஸில் ஓட்ட வேண்டுமானால் நான்கு நேரங்களுக்கும் பொதுவான 20 மில்லிநொடியை அடியாக வைத்து 111 ஃபிரேம் ஒட்ட வேண்டும், அதில் 100 ஒரே படம். வீண். ஷீட்டில் மூன்றே ஃபிரேம் போதும். கீஃபிரேம்கள் 0 விழுக்காட்டில் திறந்த கண், 90.09-இல் பாதி, 92.79-இல் மூடியது, 97.30-இல் மறுபடி பாதி. ஒவ்வொரு விழுக்காடும் அதற்கு முன்பு வரை ஓடிய நேரத்தை மொத்தத்தால் வகுத்து வந்தது.

ஜாவாஸ்கிரிப்டில் ஓட்டுபவர்கள், திரை புதுப்பிக்கப்படும்போதெல்லாம் நிரலை அழைக்கும் ரிக்வெஸ்ட்-அனிமேஷன்-ஃபிரேம் ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் ஒரு ஃபிரேம் நகர்த்தக் கூடாது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு வேகமும் 120 ஹெர்ட்ஸ் திரையில் இரட்டிப்பு வேகமும் வரும். கழிந்த மில்லிநொடியை 40-ஆல் வகுத்து, முழு எண்ணை மட்டும் எடுத்து, அதை 11-ஆல் வகுத்த மீதிதான் காட்ட வேண்டிய ஃபிரேம்.

எடை

கோப்பு எவ்வளவு சிறிதானாலும் உலாவி அதைத் திறக்கும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட் நினைவகம் எடுக்கும். 3520 × 192 ஷீட்டுக்கு 27,03,360 பைட், சுமார் 2.7 எம்பி. இரட்டை அடர்த்திக்கு 2560 × 1152, கிட்டத்தட்ட 11.8 எம்பி. 400 × 400 அளவில் 60 ஃபிரேம் என்றால் 38.4 எம்பி, பக்கத்தில் இப்படி மூன்று இருந்தால் குறைந்த ரேம் உள்ள போன் தடுமாறும். கிலோபைட்டை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம்.

ஜிஃபில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சொந்த வண்ணப்பட்டியல் இருந்திருக்கலாம். ஒட்டும்போது எல்லாம் சேர்ந்து 256-ஐத் தாண்டி, பிஎன்ஜி முழு நிறத்தில் வெளியாகி, ஜிஃபைவிடப் பல மடங்கு பெரிதாகும். நிறங்களைக் குறைக்கும் கருவியான பிஎன்ஜிகுவான்ட்டில் ஒருமுறை விட்டால் ஷீட் முழுவதற்கும் பொதுவான ஒரே பட்டியலாகக் குறைத்துத் தரும். அரை ஊடுருவலும் தப்பும். மைப்ரிட்ஜின் படங்கள் சாம்பல் நிறம் என்பதால் 64 நிறத்திலும் நன்றாகவே இருக்கும். பிறகு, தரம் குறையாமல் பிஎன்ஜியை மேலும் சுருக்கும் ஆக்ஸிபிஎன்ஜி. வெப்பி என்ற பட வடிவத்தில் இழப்பில்லா வகை இன்னும் சிறிதாக வருவதுண்டு. அதன் பக்க வரம்பு 16383 பிக்சல் என்பதை மறக்க வேண்டாம்.

ஜிஃபிலிருந்து வந்த வெட்டுப்படங்களைச் சுற்றி வெள்ளை விளிம்பு இருந்தால் அது ஒட்டியதால் வந்ததல்ல. ஜிஃப் செய்தவர் வெள்ளைப் பின்னணியோடு கலந்து விளிம்பை மென்மையாக்கியிருக்கிறார். மூலக்கோப்பு கிடைத்தால் அதிலிருந்து பிஎன்ஜி ஃபிரேம்களாக எடுப்பதுதான் முறையான தீர்வு. கிடைக்காவிட்டால் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு பிக்சல் விளிம்பைச் சுரண்டி எடுக்க வேண்டும், விரித்த பிறகு, ஒட்டும் முன்.

பின்னணி இடத்தை மாற்றும்போதெல்லாம் உலாவி அந்தப் பெட்டியை மறுபடி வரைகிறது. ஒன்றிரண்டு இருந்தால் பிரச்சினை இல்லை. பத்து இருபது ஒரே நேரத்தில் ஓடினால் வேறு அமைப்புக்கு மாறுங்கள்: வெளிப்பெட்டி 320 × 192, ஓவர்ஃப்ளோ ஹிடன், உள்ளே 3520 அகலத்தில் ஷீட், அந்த உள்பெட்டிக்கு டிரான்ஸ்ஃபார்மில் டிரான்ஸ்லேட்-எக்ஸ் கழித்தல் 100 விழுக்காடு வரை, ஸ்டெப்ஸ் 11. விழுக்காடு உள்பெட்டியின் சொந்த அகலத்தைக் குறிப்பதால் 100 என்பது சரியாக 3520. வரைந்த படத்தையே நகர்த்துவதால் மறுபடி வரையும் வேலை மிச்சம்.

பார்ப்பவருக்காக

அசைவைக் குறைக்கும்படி தன் கருவியில் அமைத்திருப்பவருக்குத் தலைசுற்றலோ குமட்டலோ வரக்கூடும் என்பதால்தான் அந்த அமைப்பே இருக்கிறது. பிரிஃபர்ஸ்-ரெட்யூஸ்டு-மோஷன் மீடியா விதியில் அனிமேஷனை நன் ஆக்கி, பெட்டியில் எந்த ஃபிரேம் நிற்க வேண்டும் என்பதையும் நீங்களே தேர்ந்து பொசிஷன் எழுதுங்கள். முதல் ஃபிரேம்தான் நல்ல படம் என்று கட்டாயமில்லை. குதிரையின் நான்கு குளம்புகளும் தரையைவிட்டு எழும்பியிருக்கும் ஃபிரேம்தான் அங்கே நிற்கத் தகுந்தது.

தானாகத் தொடங்கி, மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து 5 நொடிக்கு மேல் ஓடும் அசைவுக்கு நிறுத்தும் வசதி வேண்டும் என்று வலைத்தள அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி சொல்கிறது. பிளே-ஸ்டேட்டை மாற்றும் ஒரு பொத்தான் போதும். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் எதையும் ஓடவிட வேண்டாம், வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. படத்தைப் பார்க்க முடியாதவருக்கான மாற்று உரையான ஆல்ட்டைப் பின்னணிப் படத்துக்கு எழுத இடமில்லை. பெட்டிக்கு ரோல் பண்பில் இமேஜ் என்பதன் சுருக்கமான இம்க் என்ற மதிப்பையும், ஏரியா-லேபிளில் படத்தில் நடப்பதைத் தமிழிலேயே ஒரு வரியாகவும் எழுதுங்கள். வெறும் அலங்காரம் என்றால், திரைவாசிப்பான் அதை விட்டுவிடும்படி ஏரியா-ஹிடன் ட்ரூ.